தோலுரிக்கச் சொன்னால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். உணவுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். சேலத்தில் இருந்துகொண்டு அந்த வேலை பார்ப்பவன் ஜவ்வரிசியைத் தொடாமல் இருக்க முடியாது. அதனால் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லை வைத்தே பேசுகிறேன். பால்பண்ணை, மருந்துக் கம்பெனி, ஆஸ்பத்திரி என்று அரசு விதி உள்ளே வருகிற எந்த இடத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

“நம்ம ஆளுங்க எந்த மாற்றத்துக்கும் ஒத்துக்க மாட்டாங்க சார்” என்று முதலாளிகள் என்னிடம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்தத் தொழில் பிறந்ததே ஒரு மாற்றத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் மரவள்ளிக்கிழங்கு மாவில் அதைச் செய்து பார்த்தார்கள். துணியில் மாவைப் போட்டு ஆட்டி உருட்டி, சாதாரணச் சட்டியில் வறுத்தார்கள். பிறகு மோட்டார் வந்தது, சல்லடை வந்தது, உருட்டுகிற மெஷின் வந்தது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, விற்கிற முறையே மாறியது. அத்தனையையும் ஏற்றுக்கொண்ட மில்லில், கிழங்கைத் தோலுரித்து அரை என்றால் மட்டும் ஏன் இந்த முனகல்?

மண்ணும் தோலுமாகக் கிழங்கை அரைத்தால் மாவு பழுப்படிக்கும். வடக்கே விரதத்துக்கு வாங்குகிறவர் சாபுதானா (ஜவ்வரிசிக்கு அங்கே அதுதான் பெயர்) பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறார். பழுப்பை மறைக்க பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் தொட்டிக்குள் வந்தது அப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி ஜவ்வரிசியை எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதில் அமிலத்தில் கரையாத பங்கு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கரையாத அந்தச் சாம்பல் பெரும்பாலும் மண்ணும் மணலும்தான். ஆக, நன்றாகத் தோலுரித்து நன்றாகக் கழுவுகிறவருக்கு இந்த அளவுக்குள் நிற்பது பெரிய கஷ்டம் இல்லை.

இது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில், கிழங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா வேறு கணக்குச் சொன்னார். “டன்னுக்கு இவ்வளவுன்னு கூலி பேசியிருக்குங்க. முன்னாடி மேலாக்க சீவினாப் போதும். இப்ப ஒவ்வொரு கிழங்கையும் திருப்பித் திருப்பிப் பாக்கச் சொல்றாங்க. நேரம் போகுது, கூலி அதேதாங்க.” இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம். சட்டப்படி, தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சுகாதாரமற்ற தயாரிப்புக்கு 1 லட்சம் வரை. அந்த அபராதத்திலிருந்து தப்பிப்பவர் முதலாளி. தப்பிப்பதற்கான கூடுதல் உழைப்பு அந்த அக்காவுடையது. எங்கே முனகல் கேட்கிறதோ அங்கே முதலில் கூலிக் கணக்கைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாதி முனகல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கூலியையோ வேலை நேரத்தையோ ஷிப்டையோ மாற்றுவதானால், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலேயே 21 நாள் முன்னறிவிப்பு சொல்லப்பட்டிருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள் இருக்கிறது. உணவு அதிகாரியின் சட்டத்துக்குப் பயந்து மாற்றம் செய்கிறவர்கள், இந்தச் சட்டம் ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேலாளர் தானாக யோசித்த யோசனைக்கும் “கவர்மென்ட் ரூல்” என்று பெயர் வைத்துவிடுவது. ஒரு மில்லில் எல்லோரும் எல்லா நேரமும் ரப்பர் கையுறை போட வேண்டும் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். வறுக்கிற தட்டுப் பக்கம் நின்ற பெரியவர் மறுத்தார். சூட்டில் ரப்பர் இளகும், கிழிந்தால் துண்டு ஜவ்வரிசியோடு போகும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. சட்டம் கேட்பது சுத்தமான கை, மூடிய தலைமுடி, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை இப்படி. சூட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் போடு என்று அது எங்கேயும் கேட்கவில்லை. இது சட்டம், இது நான் சொல்வது என்று பிரித்துச் சொல்லாவிட்டால், ஒரு நாள் குட்டு உடைகிறபோது உண்மையான சட்டத்தையும் சேர்த்தே நம்ப மாட்டார்கள்.

அந்தப் பெரியவரைப் போல வாய்விட்டுப் பேசுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் கவலை. மற்றத் தொழிலில் அந்தச் சரிங்க சாரால் வேலை கொஞ்சம் கெடும். விதிக்கு உட்பட்ட தொழிலில் பொய்ப் பதிவேடு உருவாகும். தொட்டி கழுவிய நேரம் ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. மாவுப்பாலைக் கையில் அள்ளிப் பார்த்தே படிந்ததா, புளிக்கப் போகிறதா என்று சொல்லத் தெரிந்தவரிடம், அவருக்குத் தெரிந்த எதையும் கேட்காத ஒரு படிவத்தை நீட்டினால் அவர் வேறென்ன செய்வார்? படிவத்தில் என்னென்ன கட்டம் வேண்டும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். நம்மை விடக் கறாராகச் சொல்வார்.

இப்போது பல மில்களில் ஒடிசா, பீகார் பக்கத்துப் பையன்கள் வேலை செய்கிறார்கள். சுவரில் இருப்பதோ தமிழும் இங்கிலீஷும். அவர்கள் விதியை எதிர்க்கவில்லை, விதி அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. இதற்கு இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பலகை வைத்தால் போதும். பெரிய யோசனை வேண்டியதில்லை.

25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஏற்பாடு. அந்தப் பயிற்சிக்கு யாரை அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் கணக்குப்பிள்ளையை, அல்லது முதலாளியின் மகனை. சான்றிதழ் பிரேம் போட்டு ஆபீசில் தொங்கும். களத்தில் மாவு காய வைக்கிற பெண்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று விசாரித்து, அந்த ஆளை அனுப்புங்கள். அவர் அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த நாளுக்கான கூலியை மட்டும் பிடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, எப்போது தொடங்குவது என்று கேட்பார்கள். சீசன் நடுவில் வேண்டாம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். வாசலில் லாரி வரிசை கட்டி நிற்கிறபோது புதிய தோலுரிக்கும் மெஷினை இறக்கினால், அது மக்கர் பண்ணுகிற ஒவ்வொரு நிமிடமும் விதியின் மேல்தான் வெறுப்பு திரும்பும். வரத்துக் குறைந்து தொட்டி காலியாகக் கிடக்கிற மாதங்களில் மெஷினை ஓட்டிப் பழகட்டும். டன் கூலியையும் அப்போதே பேசி முடித்துவிடலாம். வணக்கம்.