கத்திக்கு முன் கண்ணாடிக் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். விரியன் கடித்த கால் ஒரே இரவில் தூண் மாதிரி வீங்கி, தோல் மினுமினுத்துக் கொப்புளம் போட்டுவிடும். கூட வந்தவர்கள் முதலில் கேட்பது, "கீறிவிட்டால் வடிந்துவிடாதா டாக்டர்?" என்றுதான். சீழ்க்கட்டி என்றால் வடியும், வாஸ்தவம். இங்கே சீழ் இல்லை. விஷம் ரத்தக்குழாய்களை அரித்து, கசிந்த நீர் சதையில் ஊறியிருக்கிறது. அதே விஷம் ரத்தம் உறைவதற்கான பொருள்களையும் தின்று தீர்த்திருந்தால், கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவே நிற்காது.

ஆகவே கத்திக்கு முன் ஒரு கண்ணாடிக் குழாய். 2 மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த புதுக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்துக்குத்தான் வேலை, கத்திக்கு இல்லை. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது. கண்ணாடிச் சுவர் பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் பட்ட குழாயிலும் நல்ல ரத்தமும் கெட்டதாகத் தெரியும். பொறுமை இல்லாமல் நடுநடுவே ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, அதுவும் தப்பு. மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி இதே சோதனை. கல்லீரல் புதிதாக உறைபொருள் செய்ய அவ்வளவு நேரமாவது வேண்டும்.

அப்படியானால் அறுவையே கிடையாதா? சிலருக்கு உண்டு. தசைகளைச் சுற்றி விரிந்து கொடுக்காத கெட்டி உறை இருக்கிறது. உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாது. விரலை நாம் பிடித்து நிமிர்த்தினால் உயிர் போகிற வலி, மரத்துப்போதல் இவையெல்லாம் அறிகுறிகள். ஆனால் பாம்பு கடித்த கால் அழுத்தம் ஏறாமலேயே இப்படி வலிக்கும்! அதனால் கண்ணை நம்பாமல், ஊசி செருகி அளக்க வேண்டும். இயல்பான அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குள். பெரியவர்களுக்கு 40-ஐத் தாண்டி, ரத்தமும் உறைகிறது என்றால் உறையைத் திறக்கலாம். மறுபடி சொல்கிறேன், ரத்தம் உறைந்த பிறகுதான். முழங்காலுக்குக் கீழே தசைகள் இந்த உறையால் பிரிந்த நான்கு அறைகளில் இருக்கின்றன. இரண்டு நீளக் கீறலில் நான்கையும் திறந்து, தைக்காமல் விடுவார்கள். இடுக்கியால் கிள்ளினால் துடிக்காத, வெட்டினால் ரத்தம் கசியாத தசை செத்தது. அது போக வேண்டும்.

நாகம் கடித்தால் பெரும்பாலும் தோல்தான் கருத்து அழுகும். செத்ததற்கும் உயிருள்ளதற்கும் நடுவே கோடு தெரியச் சில நாள் ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு வெட்டினால்...

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒட்டுத்தோல் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். ஒன்று மட்டும்: புண் ஆறும்வரை கணுக்காலை 90 டிகிரியில், வளையாத பட்டை வைத்துக் கட்டி நிறுத்துங்கள். பாதம் தொங்கியபடியே இறுகிவிட்டால், புண் ஆறின பிறகும் குதிகால் தரையில் படாது. வணக்கம்.