சம்பளம் வாங்காத நடிகர்கள்: காலனியச் சென்னையின் நாடக சபைகளும் கச்சேரி மேடைகளும்

[காட்சி: எழும்பூர், பாந்தியன் சாலை, அரசு அருங்காட்சியகத்தின் முகப்பு]

சென்னை எழும்பூரில் அரசு அருங்காட்சியகம் அமைந்திருக்கும் சாலைக்குப் பாந்தியன் சாலை என்ற பெயர், முன்பு அதே இடத்தில் இருந்த ஒரு கேளிக்கை மாளிகையால் வந்தது. 1778ஆம் ஆண்டில் ஹால் பிளமர் என்ற கம்பெனி அதிகாரிக்கு இங்கே 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. நகரின் ஐரோப்பியர்களுக்கான பொதுக் கேளிக்கைகளைக் கவனித்துவந்த 24 பேர் கொண்ட குழுவிடம் 1793இல் அந்த இடம் ஒப்படைக்கப்பட்டது. விருந்துகளும் நடனங்களும் நாடகங்களும் அங்கே நடந்தன. 1821இல் அந்தக் குழு மாளிகையை ஓர் ஆர்மீனிய வணிகருக்கு விற்றுவிட்டது. 1830இல் அரசு அதை 28,000 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. பின்னர் அருங்காட்சியகம் அங்கே குடியேறியது. 1896இல் அதே வளாகத்தில், ஹென்றி இர்வின் வடிவமைப்பில், மியூசியம் தியேட்டர் எழுந்தபோது, ஆங்கிலேயர்களின் நாடக ஆர்வம் பழைய இடத்திற்கே திரும்பி வந்துசேர்ந்தது.

ஆங்கிலேயர்களுக்கு இது பொழுதுபோக்கு. பகலில் கோப்பு பார்ப்பவர் மாலையில் வேடம் கட்டுவதால் அவருடைய மரியாதை குறைந்துவிடவில்லை. நகரின் தமிழ்ச் சமூகத்தில் நிலைமை வேறு. நாடகம் ஆடுபவனுக்குக் கூத்தாடி என்ற ஒரே பெயர்தான் இருந்தது. படித்த குடும்பங்கள் அவனைத் திண்ணைக்கு மேல் ஏற்றுவதில்லை. மேடைக்கு மரியாதை தேடித் தந்தவர்கள் யார், அந்த மரியாதை யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்த வரலாறு முழுமையாக விளங்கும்.

[காட்சி: பூந்தமல்லி நெடுஞ்சாலை, விக்டோரியா பொது மண்டபம்]

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் செங்கல் கட்டடம் விக்டோரியா பொது மண்டபம். நகரத்துக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்ற பேச்சு 1882இல் எழுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் வரைந்த திட்டத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். மேலும் கீழுமாக இரண்டு பெரிய கூடங்கள். ஒவ்வொன்றிலும் 600 பேருக்கு மேல் அமரலாம். சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் வணிகர்களும் தந்த நன்கொடையால் உருவான மண்டபம் என்பதால், இந்தியர்கள் இதைத் தங்கள் இடமாகக் கருத முடிந்தது. 1897இல் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். ஆயினும் தமிழ் மேடையின் வரலாற்றில் இந்த மண்டபம் இடம்பெறக் காரணம் 1891இல் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழு.

சரச விநோதினி சபை என்ற அந்தக் குழுவை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு. அவர் ஒரு வழக்கறிஞர். தெலுங்கில் நாடகங்களை எழுதித் தாமே நடித்தவர். அவருடன் மேடையேறியவர்களும் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுடைய நாடகத்தைப் பார்த்தவர்களில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துவந்த அவர், ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்தில் விரும்பிப் படித்தவர். அவர் பெயர் பம்மல் சம்பந்த முதலியார். கௌரவமான தொழிலில் இருப்பவர்கள் தாய்மொழியில் நாடகம் எழுதி நடிக்கலாம் என்பதற்குக் கண்முன்னே சான்று கிடைத்தவுடன் அவருடைய எண்ணம் அடியோடு மாறியது. 1891ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினர்.

[காட்சி: பழைய நாடக நோட்டீஸ்கள், சபை உறுப்பினர்களின் குழுப்படம்]

இந்தச் சபை என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று புரிந்துகொள்ள, அன்றைய தொழில்முறை நாடகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் திரை தூக்கினால் விடியும்வரை ஆட்டம் நடக்கும். உரையாடலைவிடப் பாட்டு அதிகம். அரசன் சபைக்கு வந்தாலும் பாட்டு, போருக்குப் புறப்பட்டாலும் பாட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தாலும் பாட்டு. கதையை முன்னெடுத்துச் செல்லும் வசனம் பல நேரங்களில் நடிகரின் சமயோசிதத்துக்கே விடப்பட்டது. இதைக் குறையாக மட்டும் எண்ணுவது தவறு. தெருக்கூத்திலிருந்தும் கதாகாலட்சேபத்திலிருந்தும் வளர்ந்துவந்த, கேட்டுப் பழகிய காதுகளுக்காக அமைந்த கலை அது.

சம்பந்த முதலியார் வேறொரு பாதையை வகுத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வசனத்தை முழுமையாக உரைநடையில் எழுதிக் கொடுத்தார்; பாட்டுகளைக் குறைத்தார்; ஒத்திகையைக் கட்டாயமாக்கினார்; நாடகம் நடக்கும் நேரத்தைச் சில மணிகளுக்குள் அடக்கினார். இதில் ஒரு வாழ்க்கைத் தேவையும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் போயாக வேண்டியவர்கள் விடியும்வரை நடிக்கவும் முடியாது, விடியும்வரை உட்கார்ந்து பார்க்கவும் முடியாது. உத்தியோகஸ்தரின் கடிகாரம்தான் தமிழ் நாடகத்தின் நீளத்தைக் குறைத்தது என்று நான் கருதுகிறேன்.

அவருடைய ‘மனோகரா’ 1895இல் மேடையேறியது. தந்தையான அரசனும் அவனுடைய ஆசைநாயகியும் இழைக்கும் அவமானத்தையெல்லாம், தாய் விதித்த கட்டளைக்குக் கட்டுப்பட்டு மகன் பொறுத்துக்கொள்கிறான். சங்கிலியால் பிணைக்கப்பட்டு அரசவையில் நிற்கும் அவனுக்குத் தாயின் வாயிலிருந்து அனுமதி வரும்வரை பார்வையாளர்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பாட்டின் துணையில்லாமல் வசனத்தாலும் நடிப்பாலும் மட்டுமே கட்டி எழுப்ப முடியும் என்று காட்டியதுதான் அந்த நாடகத்தின் சாதனை. நடிகர்கள் பலரும் அந்தக் காட்சியில் தங்கள் திறமையைச் சோதித்துப் பார்த்தனர். பின்னாளில் தேசியத் தலைவராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தியும் சபையின் மனோகரனாக மேடையில் நின்றவர். 1954இல் இதே கதை, மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் நடித்த திரைப்படமாகியது.

ஷேக்ஸ்பியரையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘ஹாம்லெட்’ ‘அமலாதித்யன்’ ஆயிற்று; ‘மெக்பெத்’ ‘மகபதி’ ஆயிற்று; ‘வெனிஸ் வணிகன்’ ‘வாணிபுர வணிகன்’ ஆயிற்று. கல்லூரியில் பாடமாகப் படித்ததைத் தம் ஊர் அரசர்களின் கதையாகக் காண்பதில் அன்றைய பட்டதாரிகளுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சபை நன்றாக உணர்ந்திருந்தது. எழுதியவரோ முழுநேர எழுத்தாளர் அல்லர். வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம்) நீதிபதியாகவும் இருந்துகொண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். நீதிபதி ஒருவர் அரிதாரம் பூசி மேடையேறுவதை ஊர் ஏற்றுக்கொண்டது என்பதே, முப்பது ஆண்டுகளில் மேடையின் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதைக் காட்டும்.

சபையின் புகழ் கடல் கடந்தும் சென்றது. சுகுண விலாச சபையார் இலங்கைக்குப் பயணம் செய்து நாடகங்களை நடத்தினர். அவற்றைப் பார்த்த ஊக்கத்தில் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. ஈழத்து மேடையின் முன்னோடியான கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்த முதலியாரையே தம் குருவாகப் போற்றினார்.

[காட்சி: வயலின், அச்சிட்ட ஸ்வரத் தாள்கள்]

கச்சேரி மேடையின் கதை இதைவிடப் பழையது. கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியம் முழங்கிய காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்துவந்தது. அந்த பேண்டு இசையைக் கேட்ட அவருடைய மகன் முத்துசுவாமி தீட்சிதர் அதன் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல் இயற்றினார், அவையே நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அவர் கையில் அம்பிகையின் துதியாக மாறியது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை.

நூறு ஆண்டு கழித்து, தலைமைச் செயலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறித்தவர் எதிர்த்திசையில் ஒரு பாலம் கட்டினார். கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்வரக் குறியீட்டில் எழுதி 1893இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் நகரத்தில் மேற்கத்திய இசைக்கான சேர்ந்திசைக் குழுவாகிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனும் தொடங்கப்பட்டது. பகலில் அரசுக் கோப்புகளைப் பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தையும் கைப்பொருளையும் ஒரு பெரும் இசை மரபைக் காகிதத்தில் பதிவதற்குச் செலவிட்டவர் சின்னசாமி முதலியார். சுப்பராம தீட்சிதர் தம் குடும்பத்துச் சொத்தாக வைத்திருந்த கீர்த்தனைகளை 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலாக அச்சில் தந்ததற்குச் சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் ஒரு காரணம். அவர் பெயர் இன்று கச்சேரிக்குப் போகிறவர்களிடையே அரிதாகவே கேட்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

[காட்சி: நாடகக் கொட்டகை, மண்ணெண்ணெய் விளக்குகள்]

இந்தச் சபைகள் யாரை வெளியே நிறுத்தின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர். சம்பந்த முதலியாருக்கு இணையாக நாயகி வேடத்தில் நடித்த ரங்கவடிவேலுவின் நடிப்பைப் பார்த்தவர்கள் நெடுங்காலம் பேசினர். ஆனால் அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனியை நடத்திப் பெரும் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டிருந்தார். பாடவும் ஆடவும் பேசவும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற பெண்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். குடும்பப் பெண்கள் மேடைக்கு வர மாட்டார்கள், வரக்கூடியவர்களைச் சேர்த்தால் சபையின் கௌரவம் போய்விடும் என்ற அச்சம்தான் கதவை அடைத்தது.

அரசியலிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. வங்காள மேடையில் ஆட்சியாளர்களைச் சீண்டிய நாடகங்களை அடக்க 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அரசு வேலையிலும் நீதிமன்றத்திலும் இருந்தவர்கள் நிறைந்த சபை, புராணத்தையும் கற்பனை அரசர்களின் கதையையும் நாடியது இயல்பே. துணிந்து இறங்கியவர்கள் டிக்கெட் விற்ற காசில் சாப்பிட்டவர்கள். 1922இல் தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் ‘கதரின் வெற்றி’யை மேடையேற்றினார். வெள்ளையரைக் கொக்காக உருவகித்துப் பாடிய எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் பலமுறை சிறை சென்றார். இழப்பதற்கு உத்தியோகம் இல்லாதவர்கள் தங்கள் வயிற்றுப்பாட்டையே பணயம் வைத்தார்கள். அதற்குரிய இடத்தை நாடக வரலாறு அவர்களுக்குத் தாமதமாகவே தந்தது.

[காட்சி: மியூசிக் அகாடமியின் பழைய படங்கள்]

நாடகமும் கச்சேரியும் ஒரே மனிதரிடம் சந்தித்த இடம் ஒன்று உண்டு. இ. கிருஷ்ண ஐயர் ஒரு வழக்கறிஞர். சுகுண விலாச சபையின் நடிகர். காளிதாசரின் ‘மாளவிகாக்னிமித்திரம்’ நாடகத்தில் மாளவிகையாக நடிக்க வேண்டி வந்தபோது, நாயகி ஆட வேண்டிய நடனத்துக்காக, பின்னாளில் பரதநாட்டியம் எனப் பெயர்பெற்ற சதிர் ஆட்டத்தைக் கற்றார். வேடத்துக்காகத் தொடங்கிய பயிற்சி அவரை விடவில்லை. மேலட்டூர் நடேச ஐயரிடம் முறையாகப் பயின்று, பெண் வேடத்தில் பல இடங்களில் சதிர் ஆடினார். தேவதாசிகளின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கலையின்மீது படித்தவர்களுக்கு இருந்த வெறுப்பைப் போக்குவதே அவருடைய நோக்கம்.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் செயலாளர்களுள் ஒருவரான கிருஷ்ண ஐயரின் முயற்சியால், 1931 மார்ச் 15 அன்று, கல்யாணி அம்மாளின் மகள்களான ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் அகாடமியின் சார்பில் ஆடினார்கள். சுகுண விலாச சபை நாற்பது ஆண்டுகளாகக் கதவடைத்திருந்த மரபைச் சேர்ந்த பெண்கள், உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ஒரு சபையில் கலைஞர்களாக வரவேற்கப்பட்டனர். 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். படித்த குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பரதநாட்டியம் பயில வந்தனர். பெரிய சபைகளின் மேடைகளில் மரபுவழிக் கலைஞர்களுக்குக் கிடைத்த இடம் மளமளவெனச் சுருங்கியது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, அந்தக் குடும்பங்களின் நட்டுவனார்கள் புதிய மாணவியருக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் ஆடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.