பேசிக்கொண்டே சண்டை போட்டது ஏன்? வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை பற்றி ஒரு கேள்வி

1618 முதல் 1648 வரை ஜெர்மன் பகுதிகளில் மதமும் அதிகாரமும் கலந்து நடந்ததுதான் முப்பதாண்டுப் போர், அதை முடித்துவைத்தது வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை. அந்தப் போர் பற்றிய சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "வெஸ்ட்ஃபாலியாவில் நாலைந்து வருடம் உட்கார்ந்து பேசினார்களே, பேச ஆரம்பித்த அன்றே சண்டையை நிறுத்தியிருக்கக் கூடாதா? அவ்வளவு இழுத்தடித்த உடன்படிக்கை எப்படி நிலைத்தது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

களத்தில் யார் கை ஓங்குகிறதோ அவர் பேச்சுவார்த்தையில் கூடுதலாகக் கேட்கலாம். 1645 மார்ச்சில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) யாங்காவ் என்ற இடத்தில், ஜெர்மன் அரசுகள் அடங்கிய புனித ரோமானியப் பேரரசின் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டின் படையை ஸ்வீடன் நொறுக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பேரரசர் தன் நம்பிக்கைக்குரிய பிரபு டிராவுட்மன்ஸ்டார்ஃபை அனுப்பி, விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுக்கச் சொன்னார். ஜெயித்துக்கொண்டிருக்கிற ஸ்வீடனும், கத்தோலிக்க நாடானாலும் பேரரசரை எதிர்த்து நின்ற பிரான்ஸும் எதற்காக நிறுத்தப்போகின்றன? இன்னொன்று, அந்தக் காலத்துப் படைகள் இருக்கிற ஊரிலேயே வசூல் செய்து வயிறு வளர்த்தவை. சம்பள பாக்கியைத் தீர்க்காமல் "போர் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்" என்றால் அவர்கள் சொந்த அரசின் மீதே திரும்பிவிடுவார்கள்.

அதனால் கடைசி நாள்வரை சண்டைதான். 1648 ஜூலையில்கூட ஸ்வீடன் படை பொஹீமியாவின் தலைநகர் பிராகாவில் ஆற்றின் இடது கரைப் பகுதியைப் பிடித்து, அரண்மனைக் கோட்டையைச் சூறையாடியது. 'சாத்தானின் பைபிள்' என்று சொல்வார்களே, அந்தப் பிரம்மாண்டமான கையெழுத்துப் பிரதி, அது அப்போது அள்ளிக்கொண்டு போனதுதான். இன்றும் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1618-இல் போர் தொடங்கிய ஊரும் பிராகாதான் என்பதைச் சென்ற முறை பார்த்தோம்.

சரி, பேச்சு ஏன் அவ்வளவு இழுத்தது? முதலில், எல்லோரும் ஒரே ஊரில் உட்காரவே இல்லை. பிரான்ஸும் கத்தோலிக்கத் தரப்பும் மியூன்ஸ்டரில். ஸ்வீடனும் புராட்டஸ்டன்ட் அரசுகளும் ஓஸ்னாப்ரூக்கில். நடுவே சுமார் 50 கிலோமீட்டர், குதிரையில் கடிதம் போய் வர வேண்டும். மியூன்ஸ்டரில் நடுவராக இருந்தவர் போப்பின் தூதர் ஃபாபியோ கீஜி. புராட்டஸ்டன்ட்களோடு அவர் நேரடியாகப் பேசமாட்டார், போப்பின் ஆள் நடுவராக இருப்பதை ஸ்வீடனும் ஏற்காது. வெனிஸ் குடியரசின் கொண்டாரினி என்பவரும் நடுவராக இருந்தார். பொறுமைக்குப் பரிசு கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, நம்மூர்த் திருவிழாவில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று தகராறு நடக்குமே, அதே மாதிரி யாரை 'மேன்மைதங்கிய' என்று அழைப்பது, யார் வண்டி முன்னால் போவது என்று மாதக்கணக்கில் தகராறு. நூற்றுக்கும் மேற்பட்ட தூதுக்குழுக்கள் வந்திருந்தும், எல்லோரும் ஒரே கூடத்தில் கூடியதே கிடையாது.

இனி இரண்டாவது பாதி, எப்படி நிலைத்தது என்பது. பாடப் புத்தகத்தில் 'நவீன அரசுகளின் இறையாண்மை பிறந்த நாள்' என்று படித்திருப்பீர்கள். என் கருத்தில் அது மிகைதான். புனித ரோமானியப் பேரரசு அதற்குப் பிறகும் 1806 வரை இருந்தது. உண்மையில் வேலை செய்தவை சலிப்பூட்டுகிற சில கணக்கு வழக்குகள்.

முக்கியமானது ஒரு தேதி: 1624 ஜனவரி 1. ஒரு தேவாலயமோ மடத்து நிலமோ யாருக்குச் சொந்தம் என்பதில்தான் பாதிச் சண்டை. 1629-இல் அப்போதைய பேரரசர், 1552-க்குப் பிறகு கைமாறிய திருச்சபைச் சொத்தையெல்லாம் கத்தோலிக்கரிடம் திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டதுதான் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. இப்போது புராட்டஸ்டன்ட் தரப்பு 1618-ஐ அடிப்படை ஆண்டாக வைக்கச் சொன்னது. கத்தோலிக்கர் 1627 என்றார்கள். பேரம் பேசி 1624-இல் வந்து நின்றார்கள். அந்த நாளில் யார் கையில் இருந்ததோ அது அவருக்கே. எந்த மதம் சரி என்ற வாதமே அங்கு எழவில்லை, அன்றைய தேதியில் யார் அனுபவத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி. புராட்டஸ்டன்ட்களில் ஒரு பிரிவான கால்வினியர்களுக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

ஓஸ்னாப்ரூக்கில் செய்த ஏற்பாடு இன்னும் வேடிக்கை. அந்த மறைமாவட்டத்துக்கு ஒரு முறை கத்தோலிக்க ஆயர், அடுத்த முறை புராட்டஸ்டன்ட் ஆயர், மாறி மாறி. புராட்டஸ்டன்ட் முறை வந்தால் பிரவுன்ஷ்வைக்-லியூனபர்க் அரச வம்சத்து ஆள்தான். அந்த வம்சம் பின்னால் பிரிட்டனின் அரியணை ஏறியதால், 1764-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இரண்டாவது மகன் பிரெடரிக் ஆயரானார். அப்போது அவருக்கு வயது ஆறு மாதம்! சிரிக்கலாம், ஆனால் அதற்காக அங்கே யாரும் வாளை உருவவில்லை.

அப்புறம் பணம். ஸ்வீடன் தன் படையைக் கலைக்க 50 லட்சம் தாலர் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) கேட்டு வாங்கியது, கொடுத்தது ஜெர்மன் பகுதிகள். 1648 அக்டோபர் 24-இல் கையெழுத்தானாலும், எந்தக் கோட்டையை எப்போது காலி செய்வது, எந்தத் தவணைக்கு எந்தப் படை கிளம்புவது என்பதற்கு நியூரம்பர்க்கில் 1650 வரை தனியாகப் பேச வேண்டியிருந்தது. பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஜெர்மன் கிராமங்களுக்கு உண்மையான சமாதானம் வந்தது அங்கேதான்.

போப் பத்தாம் இன்னொசென்ட் உடன்படிக்கை செல்லாது என்று கண்டனம் வெளியிட்டார். ஆனால் யார் எதிர்ப்புத் தெரிவித்தாலும் அந்த எதிர்ப்பு செல்லாது என்று உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் எல்லோருக்கும் நியாயம் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 1624 விதி பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் சொந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பொஹீமிய புராட்டஸ்டன்ட்கள்தான் இந்தப் போரைத் தொடங்கியவர்கள், நாடு கடத்தப்பட்ட அவர்களுக்கு ஊர் திரும்ப வழி பிறக்கவில்லை. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலான போரும் 1659-இல் பிரெனீஸ் உடன்படிக்கை வரை ஓடியது. அதைத் தனியாகப் பேசுவோம், அடுத்த கேள்விக்குப் போகலாம்.