தோல் ஒட்டுவதற்கு முன் புண்ணின் அடியைப் பாருங்கள்

உறவுகளே, வணக்கம். இன்று திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து, அம்மாவின் பாதப் புண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அம்மாவே பேசச் சொன்னார்.

பல வருடங்களாகச் சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. கோணேசர் கோயில் மலையில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடந்தவருக்குச் சூடு தெரியவில்லை. மாலையில் பாய் நனைந்திருந்ததைக் கண்ட பிறகே கொப்புளம் உடைந்தது தெரிந்தது. மாதக்கணக்கில் ஆறாத அந்தப் புண்ணுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, சாம்பல் நிறமாகிப்போன அந்தத் தோல் துணியோடு சேர்ந்து வழுகி வந்தது. பாதத்தைவிடத் தொடைப் புண்ணை நினைத்துத்தான் அம்மா அதிகம் அழுதார்.

ஒட்டும் தோல் அரை மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாதது. அதற்கென்று இரத்த ஓட்டமும் கிடையாது. முதல் ஓரிரு நாட்கள் புண்ணின் அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிர்பிடித்து, அதன் பின்னர் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களோடு இணைந்தால்தான் அது நிலைக்கும். அடியில் இரத்தம் போதாவிட்டாலோ, ஒரு கிராம் திசுவில் 1,00,000 கிருமிகளுக்கு மேல் இருந்தாலோ, ஒட்டு பிடிப்பது கடினம். இவை இரண்டையும் வெறுங்கண்ணால் நம்பி முடிவெடுக்க முடியாது. அம்மாவின் புண்ணும் சிவப்பாகத்தான் இருந்தது. அது மங்கிய சிவப்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கிருமியைக் காட்டுவதற்கு 405 நானோமீற்றர் ஊதா ஒளியைப் பாய்ச்சும் கையடக்கக் கமெராக்கள் உள்ளன. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், பல கிருமிகள் உண்டாக்கும் போர்பிரின் என்ற பொருள் சிவப்பாகவும், சூடோமோனாஸ் என்ற கிருமி நீலப்பச்சையாகவும் ஒளிரும் என்பதால், எந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது வைத்தியருக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் எல்லாக் கிருமியும் ஒளிராது, ஆழத்தில் உள்ளவையும் தெரியாது. ஆகவே திசுப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. இரத்த ஓட்டத்துக்கு, இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை இரத்த நாளத்தில் ஏற்றி, அகச்சிவப்புக் கமெராவில் அது திசுவுக்குள் பரவுவதைப் பார்க்கும் முறையும் இருக்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது, இரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் சாதாரண டொப்ளர் ஸ்கான்தான். திரையில் வண்ணமாக ஓடிக்கொண்டிருந்த இரத்தம் முழங்காலுக்குக் கீழே நூல்போல மெலிந்துபோனதை நானே பார்த்தேன். இதை முதல் ஒட்டுக்கு முன்பே பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது தோல் ஒட்டுவதற்கு நாள் குறித்திருந்தால், "கால் இரத்த ஓட்டத்தைப் பார்த்தாயிற்றா, கிருமி பார்த்தாயிற்றா" என்று தயங்காமல் கேளுங்கள்.

பலூன் வைத்து, ஒடுங்கியிருந்த அந்த இரத்தக் குழாயை விரித்து, சில வாரங்கள் பொறுத்த பின்னரே அம்மாவுக்கு மறுபடியும் ஒட்டினார்கள். இன்று பத்தாம் நாள். தோல் இளஞ்சிவப்பாகப் பிடித்திருக்கிறது. குதிகால் பக்கத்து ஓரத்தில் நகமளவு மட்டும் பிடிக்கவில்லை. அதற்கு நாள்விட்டு நாள் மருந்து கட்டுகிறோம்.