விபூதிப் புதனிலிருந்து முதல் திங்கள் வரை

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் நோன்பும் செபமுமாகக் கழிக்கும் தவக்காலம் வரப்போகிறது. திருநீற்றுப் புதன் என்று இப்போது சொல்கிறோம். பெரியவர்கள் வாயில் அது இன்னும் விபூதிப் புதன்தான். அந்தப் புதனிலிருந்து அடுத்த திங்கட்கிழமை வரை ஆறு நாள். கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த ஆறு நாளும் என்ன வாசிக்க வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டது. மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோவிலானாலும், வில்லியனூர் மாதா கோவிலானாலும், கடலூரில் எந்தக் கோவிலானாலும் அன்றைக்கு ஒரே வாசகம். அவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால், மனிதனுக்கு எவ்வளவு சுதந்திரம் உண்டு, கீழ்ப்படிதல் எது, கடவுள் எதை வைத்துத் தீர்ப்பளிக்கிறார் என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைக்கும்.

வியாழக்கிழமை இணைச்சட்ட நூல் 30ஆம் அதிகாரம். யோர்தான் ஆற்றைக் கடக்கும் முன் மோசே இஸ்ரயேல் மக்களிடம் பேசுகிறார். வாழ்வையும் சாவையும், ஆசியையும் சாபத்தையும் உங்கள் முன் வைத்திருக்கிறேன், வாழ்வைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். எது நல்லது என்று சொல்லியாயிற்று. மாற்றி நடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாயிற்று. ஆனால் தேர்ந்துகொள்கிற வேலையை மட்டும் அவர்கள் சார்பில் யாரும் செய்யவில்லை. சீராக் நூல் 15ஆம் அதிகாரமும் இதையே பேசுகிறது. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் விவிலியத்தில் அந்த நூல் இல்லை. அவர்களுக்கு மோசேயே போதும்.

வெள்ளிக்கிழமை இறைவாக்கினர் எசாயா நூல் 58. இது கொஞ்சம் சுடும். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும் வரை கடமை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சேர்த்து அந்த ஒரு வேளை அளவுக்குக் குறைவாகச் சிறிது உண்ணலாம். சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கல், 14 வயதிலிருந்தே. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால், அங்கே எசாயா கேட்கிறார்: நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே, இதுவா நான் விரும்பும் நோன்பு? சட்டத்தின் எழுத்துக்குக் கீழ்ப்படிந்தும், கீழ்ப்படியாதவர்களாக இருக்க முடியும் என்பது இதில் தெரிகிறது.

சனி, வரி தண்டிய லேவியை இயேசு தம் பின்னே வர அழைத்தது. ஞாயிறு, பாலைநிலத்தில் இயேசுவுக்கு வந்த சோதனை. அவருக்கும் வேறு வழி திறந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் அதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமைதான் கணக்குத் தீர்க்கும் நாள். நற்செய்தி மத்தேயு 25: மானிடமகனாகிய இயேசு அரியணையில் அமர்ந்து, செம்மறியாடுகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரிக்கிறார். பசித்தேன், உணவு கொடுத்தீர்கள் என்பது ஒரு பக்கம். கொடுக்கவில்லை என்பது மறு பக்கம். இரண்டு பக்கத்தாரும் கேட்பது ஒரே கேள்வி: ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியாய் இருக்கக் கண்டோம்? இது உலக முடிவில் எல்லாருக்கும் சேர்த்து நடக்கும் பொதுத்தீர்வை. ஒவ்வொருவரும் இறந்தவுடன் தனித்தனியாகச் சந்திப்பது தனித்தீர்வை. 1336-இல் திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் இதைத் தெளிவாக வரையறுத்தார்.

அதே திங்களின் முதல் வாசகம் லேவியர் 19. நற்செய்தியின் பரபரப்பில் பலர் காதில் இது விழுவதேயில்லை. அதில் ஒரு வரி: கூலியாளின் கூலி மறுநாள் காலைவரை உன்னிடம் தங்கக்கூடாது.

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். புதுச்சேரியில் ஒரு வீடு கட்டுகிறார்கள். சனிக்கிழமை சாயந்திரம் வாரக் கூலி. கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டு, சித்தாளிடம் மட்டும் மேஸ்திரி, "திங்கட்கிழமை வா, சேர்த்துத் தருகிறேன்" என்கிறார். பணம் கையில் இருக்கிறது. கொடுத்துவிட்டால் அந்த அம்மா வேறு சைட்டுக்குப் போய்விடுவார் என்பதற்காகவே பிடித்து வைக்கிறார். இது பாவமா? எவ்வளவு பெரிய பாவம்?

கடவுளின் அருளையே இழக்கச் செய்யும் சாவான பாவம் என்று சொல்ல மூன்று நிபந்தனை உண்டு; மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும். கனமானது என்று செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் முழு மனதோடு சம்மதித்திருக்க வேண்டும். கூலியை வைத்துக்கொள்வது கனமான காரியம். யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. அந்த அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிய அந்தப் பணம் வேண்டும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மூன்றும் பொருந்துகிறது.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வீட்டுக்காரர் மேஸ்திரிக்கே பணம் தரவில்லை. அவர் சட்டைப்பையில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்குக் கூலி கிடைக்காதது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மேஸ்திரியின் சம்மதம் அங்கே இல்லை. பொறுப்பு ஒரு படி மேலே ஏறி, வீட்டுக்காரர் வாசலில் போய் நிற்கிறது. நடந்தது என்ன என்பதோடு, யார் மனம் அதை நடத்தியது என்பதையும் தீர்ப்பு பார்க்கிறது.

இந்த அளவுகோல் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து படகில் மீட்கப்பட்டவர்கள், ஞாயிறு பூசை காணவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, சொல்லத் தேவையே இல்லை. போக முடியாத இடத்தில் கடமை இல்லை. காய்ச்சல் பிள்ளையோடு வீட்டில் இருந்த தாய்க்கும் அப்படியே. ஆனால் இதை விடாமல் சொல்கிறவர்கள்தான் அதிகம். பிடித்து வைத்த கூலியைச் சொல்கிறவர்கள் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கப் பூசை கிடையாது என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. 1917-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. கடும் மன நோயும், தாங்க முடியாத பயமும், துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சொல்கிறது. அந்த வீட்டாரிடம் போய், அவர் நரகத்துக்குப் போய்விட்டார் என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

எல்லாம் தலையெழுத்து, ஆண்டவர் சித்தம் என்கிறோமே, அது என்ன? ஈ.சி.ஆர். சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரை மோதிக் கொன்றவரும் அதையே சொல்லலாமா? கடவுள் விரும்புவது வேறு, தடுக்காமல் விடுவது வேறு. முன்கூட்டித் தெரிந்திருப்பதும் நடத்தி வைப்பதாகாது. இஸ்ரயேல் மக்களைப் போகவிட மறுத்த எகிப்து மன்னன் பார்வோனின் மனத்தைக் கடவுளே கடினப்படுத்தினாரே என்று விடுதலைப் பயண நூலைக் காட்டுவார்கள். அப்படி நடக்கும் என்று கடவுள் முதலிலேயே சொல்லியிருக்கிறார், உண்மை. ஆனால் எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய வாதைகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். முதல் ஐந்திலும் பார்வோன் மனம் கடினமாயிற்று, அல்லது அவனே கடினப்படுத்திக்கொண்டான் என்றுதான் வருகிறது. ஆண்டவர் கடினப்படுத்தினார் என்பது ஆறாவது வாதையான கொப்புளத்தில்தான் முதலில் வருகிறது. பலமுறை வேண்டாம் என்றவனை, அவன் வழியிலேயே விட்டது போல.

இதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1524-இல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் மனிதனுக்குத் தெரிவு செய்யும் ஆற்றல் உண்டு என்று எழுத, மறு ஆண்டே சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் கடுமையாக மறுத்தார். மீட்பைப் பொறுத்தவரை மனித மனம் பாவத்துக்குக் கட்டுண்டது, அருள்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த மரபில் வந்தது. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட அறிக்கையில், அருளால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அந்த அருள் நற்செயலுக்கு நம்மை எழுப்புகிறது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. மிச்ச வேறுபாட்டைப் பேச இன்றைக்கு நேரமில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் காரியங்கள். செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனை, அவற்றுக்காக வருந்தும் மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற உறுதி, குருவிடம் அறிக்கை, அவர் கொடுக்கும் அபராதம்: இந்த ஐந்தில் அவசரத்தில் விட்டுப்போவது முதலாவது. மாமியார் பாவம், பக்கத்து வீட்டுக்காரர் பாவம் அங்கே வேண்டாம். கனமான பாவத்தை வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்துபோனது மன்னிக்கப்பட்டது, அடுத்த முறை நினைவு வந்தால் சொன்னால் போதும். வேண்டுமென்றே மறைத்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது.

மேஸ்திரி அங்கே போய் முழந்தாளிட்டால்? குரு பாவமன்னிப்புக் கொடுக்கலாம். ஆனால் சித்தாளின் கூலியைத் தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. பணத்தைத் திருப்பித் தரும் எண்ணமே இல்லையென்றால் மன்னிப்பும் பலிக்காது. மொத்தமாக முடியாவிட்டால் தவணையில் தரலாம். நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பலாம், யார் தந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா இறந்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்கு. எந்த ஊர் என்றே தெரியாமல் போய்விட்டால், உண்மையாகத் தேடிப் பார்த்த பிறகு, ஏழைகளுக்கு. கோவில் உண்டியலில் காணிக்கையாகப் போட்டுவிட்டு, அந்த அம்மா அடுத்த தெருவில் இருக்கும்போதே கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் கூடாது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும், குருவுக்கும் நிதானமாகக் கேட்க நேரம் இருக்காது. இப்படிப்பட்ட காரியம் இருக்கிறவர்கள் அந்த வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறுக்கு முன்பே, ஒரு வேலை நாளில் பங்குக் குருவிடம் நேரம் கேட்டுப் போவது நல்லது. வணக்கம்.