ப்ரோமீத்தியஸில் முதலில் ரேட், அப்புறம்தான் சம்

[திரை: தட்டையாகப் போகும் ஒரு கோடு, நடுவில் மேசை போல ஒரு மேடு]

இந்த கிராஃபைப் பாருங்கள். நொடிக்கு 30 ரிக்வெஸ்ட் என்று சாதுவாகப் போய்க்கொண்டிருந்த கோடு, திடீரென்று 700 பக்கம் ஏறி, சரியாக 5 நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு, எதுவும் நடக்காதது போல இறங்கி வந்துவிடுகிறது. ட்ராஃபிக் கூடவே இல்லை. நடந்தது ஒன்றுதான்: 3 சர்வரில் ஒன்று ரீஸ்டார்ட் ஆனது. பிறகு அந்த 700 எங்கிருந்து வந்தது?

சர்வர்களைக் கண்காணிக்கும் கருவியான ப்ரோமீத்தியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. கூகுளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே பயன்படுத்திய போர்க்மான் என்ற கருவியை மனதில் வைத்து எழுதியது. வரலாறு இவ்வளவு போதும். அது செய்யும் வேலை என்னவென்றால், 15 நொடிக்கு ஒருமுறையோ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையோ உங்கள் சர்வரிடம் போய் “இப்போது எண் என்ன?” என்று கேட்டு, நேரத்தோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஸ்க்ரேப்.

[திரை: மின் மீட்டர், எண்கள் ஏறுகின்றன]

ரிக்வெஸ்ட் எண்ணிக்கை ஒரு கவுண்டர். வீட்டு மின் மீட்டர் மாதிரி, ஏறுமே தவிர இறங்காது. மீட்டரில் 48,210 என்று இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, போன தடவை எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் கணக்கு. அந்தக் கழித்தலைச் செய்து, நொடிகளால் வகுத்துத் தருவதுதான் ரேட்.

மீட்டரையே மாற்றிவிட்டால்? புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் அதேதான். ரேட் இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. எண் குறைந்தால் “சரி, பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது” என்று எடுத்துக்கொண்டு, குறைந்த பிறகு வந்த எண் முழுவதையும் புதிதாகச் சேர்ந்தது என்று கூட்டிக்கொள்ளும். ஒரே ஒரு சர்வரின் கவுண்டருக்கு இது சரியான ஊகம்.

[திரை: 1,00,000 + 1,00,000 + 1,00,000 = 3,00,000]

இப்போது மூன்றையும் முதலில் கூட்டிவிட்டு, அந்தக் கூட்டுத்தொகைக்கு ரேட் போடுகிறீர்கள். ஒரு சர்வர் பூஜ்யத்துக்குப் போகிறது, 3 லட்சம் 2 லட்சமாகக் குறைகிறது. ரேட் என்ன நினைக்கும்? “எண் குறைந்துவிட்டது, பூஜ்யத்திலிருந்து தொடங்கி 2 லட்சம் வந்திருக்கிறது போல.” ரேட் எவ்வளவு நேரம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வதுதான் ஜன்னல், இங்கே அது 5 நிமிடம், அதாவது 300 நொடி. 2 லட்சத்தை 300 நொடியால் வகுத்தால் 667. அதோடு உண்மையான 30-ஐயும் சேர்த்தால் 700 ஆயிற்றா? மேடு சரியாக 5 நிமிட அகலம் இருந்ததும் இதனால்தான், அந்த வீழ்ச்சி 5 நிமிட ஜன்னலுக்குள் இருக்கும் வரை கணக்கு கெட்டே இருக்கும். உங்கள் ஜன்னல் அளவுக்கே மேடு வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும்.

[திரை: சம்(ரேட்(ரிக்வெஸ்ட்ஸ்_டோட்டல்[5எம்]))]

எனவே ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக ரேட், பிறகு கூட்டல். உண்மையில் தலைகீழாக எழுதினால் ப்ரோமீத்தியஸின் குவெரி மொழியான ப்ராம்க்யூஎல் நேரடியாக ஏற்காது, பிழை காட்டிவிடும். ஆனால் நாம் சும்மா இருப்போமா? கூட்டுத்தொகையை ஒரு ரெக்கார்டிங் ரூலில் (குவெரியின் விடையை அவ்வப்போது கணக்கிட்டு எழுதி வைக்கும் விதி) சேமித்துவிட்டு அதற்கு ரேட் போடுவோம், இல்லையென்றால் சப்குவெரி (குவெரிக்குள் குவெரி) போட்டுப் பின்வாசல் வழியாக நுழைவோம். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் குற்றவாளி ரெக்கார்டிங் ரூல்தான், ஏனென்றால் அதை எழுதியவர் வேறு, அதன் மேல் கிராஃப் போடுபவர் வேறு.

அடுத்தது ஜன்னல் அளவு. ரேட்டுக்குக் குறைந்தது 2 புள்ளிகள் வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் டிஸ்க் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஸ்க்ரேப் இடைவெளியை 15 நொடியிலிருந்து ஒரு நிமிடமாக்கினோம். குவெரிகளில் எல்லாம் ஒரு நிமிட ஜன்னல். ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளி, ரேட் எதையும் தரவில்லை, கிராஃப்கள் காலி. அது கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். அலர்ட்டுகளும் அதே குவெரிதான், பதிலே வராத குவெரி அலர்ட் அடிக்காது! இரண்டு நாள் அமைதியாக இருந்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டதுதான் கொடுமை. ஸ்க்ரேப் இடைவெளியைப் போல 4 மடங்கு ஜன்னல் வையுங்கள், ஒரு ஸ்க்ரேப் தவறினாலும் தாங்கும். முக்கியமான மெட்ரிக்குக்கு ஆப்சென்ட் என்ற ஃபங்ஷனை வைத்து, தகவலே வராவிட்டால் அடிக்கும் அலர்ட் ஒன்றும் வேண்டும்.

[திரை: 1.33 எரர்]

“ஒன்றேகால் சொச்சம் எரர் எப்படி வரும்?” என்று கேட்பவர்களுக்காக இது. 15 நொடி ஸ்க்ரேப், ஒரு நிமிட ஜன்னல் என்றால் உள்ளே 4 புள்ளிகள், முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே 45 நொடிதான். அந்த 45 நொடியில் எண் 1 ஏறினால், 60 நொடிக்கு எவ்வளவு என்று இன்க்ரீஸ் (ஜன்னலுக்குள் எண் எவ்வளவு ஏறியது என்று சொல்லும் ஃபங்ஷன்) நீட்டிக் கணக்கிடும், 1.33 வரும். இது பக் அல்ல. துல்லியமான எண்ணிக்கை வேண்டுமென்றால் லாக் பக்கம் போங்கள், பில் போடும் கணக்கை இங்கே வைக்காதீர்கள்.

மெமரி, வெப்பநிலை மாதிரி ஏறி இறங்குபவை கேஜ். அவற்றுக்கு ரேட் போடவே கூடாது, ஒவ்வொரு இறக்கத்தையும் ரீஸ்டார்ட் என்று நினைத்துக்கொள்ளும்.

[திரை: ஹிஸ்டோகிராம்_குவான்டைல்(0.95, சம் பை (எல்இ) (ரேட்(...)))]

தாமதத்தின் 95-ஆவது பெர்சன்டைலுக்கும் (100-இல் 95 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று சொல்லும் எண்) வரிசை இதேதான். சர்வர் வாரியாக 95 எடுத்துச் சராசரி போடாதீர்கள், பத்து பேர் வந்த சர்வரும் பத்தாயிரம் பேர் வந்த சர்வரும் அதில் சமமாகிவிடும். பக்கெட்டுகளுக்கு (இவ்வளவு நேரத்துக்குள் முடிந்தவை எத்தனை என்று எண்ணும் கவுண்டர்கள்) ரேட், பிறகு சம், கடைசியில் குவான்டைல். கூட்டும்போது எல்இ லேபிளை மட்டும் விட்டுவிடாதீர்கள், எந்தப் பக்கெட் எது என்று சொல்வது அதுதான். எழுதி ரன் கொடுத்துத் திரை காலியாக வந்தால், முதலில் அந்த ‘பை’ அடைப்புக்குள் எல்இ இருக்கிறதா என்று பாருங்கள்.