போகுமிடம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பயணப்பெட்டி இருக்கிறது. கல்யாணமான புதிதில் நானும் கணவரும் சேர்ந்து வாங்கியது. அடர்நீல நிறம், நாலு சக்கரம். இத்தனை வருஷத்தில் அந்தச் சக்கரங்கள் எங்கள் கூடத்தைத் தாண்டி உருண்டதில்லை. முதலில் குழந்தைக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை அதில் போட்டு வைத்தேன். அப்புறம் போர்வைகள் ஏறின. இப்போது பிள்ளைகளின் பழைய நோட்டுகளும் மாமியாரின் எக்ஸ்ரே படங்களும் இருக்கின்றன. கைப்பிடியில் ஒரு சிறிய அட்டை தொங்கும். அதில் ‘பெயர்’ என்று ஒரு கோடு, ‘போகுமிடம்’ என்று ஒரு கோடு. இரண்டிலும் யாரும் எதுவும் எழுதியதில்லை.

அந்த இரண்டாவது கோட்டைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் மருந்து என்று வாழ்க்கை ஒரு தடத்தில் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, சமையலறை விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில், மனசு எங்கோ கிளம்பிவிடும். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருக்கு இது தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். சிலருக்கு அது மலை. சிலருக்குக் கடல். எனக்கு அது ஒரு ரயில்.

மாஸ்கோவில் ஏறினால் விளாதிவஸ்தோக்கில் இறக்கிவிடுகிற ரயில். 9,289 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். ஒரே நாட்டுக்குள்தான் ஓடுகிறது. இருந்தாலும் கிளம்புகிற ஊருக்கும் போய்ச் சேருகிற ஊருக்கும் நேரத்தில் ஏழு மணி வித்தியாசம். வெகுகாலம் வரைக்கும் அந்தப் பாதை நெடுக ரயில் நிலையக் கடிகாரங்கள் மாஸ்கோ நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தன. வெளியே நன்றாக விடிந்திருக்கும், நிலையத்துக் கடிகாரத்தில் இன்னும் நடுராத்திரியாக இருக்கும். 2018 ஆகஸ்டில்தான் உள்ளூர் நேரத்துக்கு மாறினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. நான் போய்ப் பார்ப்பதற்குள் கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்களே என்று.

அந்தப் பாதையில் ஓரிடத்தில் ரயில் பைக்கால் ஏரியின் தென்கரையை ஒட்டிப் போகும். உலகத்திலேயே ஆழமான ஏரி அது, 1,642 மீட்டர். உலகத்தின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கிற நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது. ஜனவரியில் உறைந்தால் மே மாதம் வரைக்கும் பனிக்கட்டி இருக்கும். ஒரு விடியற்காலையில் கண்விழித்து, ரயில் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருக்கிற ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அந்த வெள்ளைப் பரப்பைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இறங்கக்கூட வேண்டாம்.

பாத்திரம் கழுவும்போது அந்தப் பாதையின் ஊர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ஓம்ஸ்க், நோவோசிபிர்ஸ்க், கிராஸ்னோயார்ஸ்க், இர்குத்ஸ்க், உலான் உதே. நடுவில் வருகிற நதிகளையும் விடமாட்டேன். ஓம்ஸ்கில் இர்த்திஷ், நோவோசிபிர்ஸ்கில் ஓப், கிராஸ்னோயார்ஸ்கில் எனிசெய். எனிசெய் பாலத்தைத் தாண்டும்போது பாதிப் பாத்திரம் முடிந்திருக்கும்.

இதைப் பதினாலு வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கூச்சம். இப்படி ஓர் ஆசையைச் சொன்னால் உடனே வரக்கூடிய கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: “இங்கே உனக்கு என்ன குறை?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குறை எதுவும் இல்லையே. அப்படியானால் இந்த ஏக்கமே தப்போ, வீட்டுக்குத் தெரியாமல் வீட்டுக்குச் செய்கிற துரோகமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. உலகப்படப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மூடிவிடுவேன். நாற்பது வயதுக்காரி, உலகப்படத்தை ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, அந்தக் கேள்வியே சரியில்லை. தூரத்து ஊரை நினைத்து ஏங்குகிறவர் இருக்கிற வீட்டைக் குறை சொல்லவில்லை. பசித்தவன்தான் சாப்பாட்டை நினைப்பான் என்கிற கணக்கு இதற்குப் பொருந்தாது. வயிறு நிறைந்து, வாசலில் காற்றாட உட்கார்ந்திருக்கும்போதுதான் கண் தானாகத் தொடுவானத்தைப் பார்க்கிறது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐடா ஃபைஃபர். 1797-இல் வியன்னாவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க ஆசை. 1820-இல் தன்னைவிட இருபத்துநாலு வயது மூத்த ஒரு வழக்கறிஞருக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். அந்த மனிதர் அதிகாரிகளின் ஊழலை வெளியே சொல்லப்போய் வேலையும் வருமானமும் இழந்தார். வீட்டில் வறுமை. ஐடா வெளியே தெரியாமல் இசைப் பாடமும் ஓவியப் பாடமும் சொல்லிக்கொடுத்து இரண்டு பையன்களையும் வளர்த்தார். நடுவில் ஒருமுறை, உடம்பு சரியில்லாத மகனைக் கடல் குளியலுக்காகத் திரியெஸ்தே நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கடலைப் பார்த்தார். பழைய ஆசை மறுபடி எழுந்துகொண்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் தலையெடுத்த பிறகு, 1842 மார்ச்சில், நாற்பத்துநாலாவது வயதில், தனியாகக் கிளம்பினார். தன்யூபு நதி வழியே கருங்கடல், அங்கிருந்து எருசலேம், எகிப்து. வருஷக் கடைசியில்தான் வீடு திரும்பினார். அப்புறம் ஐஸ்லாந்து. அப்புறம் 1846-லிருந்து 1848 வரைக்கும் ஒருமுறை உலகத்தையே சுற்றினார். 1851-இல் கிளம்பி 1855 வரைக்கும் இன்னொருமுறை சுற்றினார். பெர்லினிலும் பாரிசிலும் இருந்த புவியியல் சங்கங்கள் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டன. லண்டன் சங்கம் பெண் என்பதால் சேர்க்கவில்லை.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுவார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. முதல் பயணத்துக்குக் கிளம்பும்போது அவர் உறவுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கிற ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னார். இருபது வருஷம் குடும்பத்தைத் தாங்கிய பெண், தன் பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட பெண், தான் எங்கே போகிறேன் என்பதை மறைக்க வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது என் உலகப்படப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

கிளம்பியவரின் கதை இது. வீட்டில் இருந்தவர் ஒருத்தரையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலில் மூன்று பெரிய பயணம் போனவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் மனைவி எலிசபெத்தைப் பற்றி நாம் படித்ததில்லை. 1762-இல் கல்யாணம். ஆறு பிள்ளைகள். பதினாறு வருஷத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியத்தில் கணவர் வீட்டில் இருந்தது எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நாலு வருஷம்தான். அவர் தாஹித்தியிலிருந்து மரப்பட்டையில் செய்த துணி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் பயணம் முடிந்து வந்ததும் அரசவைக்குப் போட்டுக்கொண்டு போக, எலிசபெத் அந்தத் துணியில் ஒரு மேலங்கி தைத்து, பூவேலை செய்துகொண்டிருந்தார். 1779 பிப்ரவரியில் குக் ஹவாயில் கொல்லப்பட்டார். வீட்டுக்குச் செய்தி வந்து சேரவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. ஊசி நின்ற இடத்தில் நின்றுவிட்டது. அந்த முடியாத மேலங்கி இன்றைக்கும் சிட்னி நகரத்தின் மாநில நூலகத்தில் இருக்கிறது.

எலிசபெத் அதற்குப் பிறகு 56 வருஷம் வாழ்ந்தார். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். கணவர் எழுதிய கடிதங்களைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, 1835-இல், தொண்ணூற்றுமூன்று வயதில் காலமானார். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த துணியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மனசு எங்கே போய் வந்தது? அதைச் சொல்ல ஒரு வரிகூட மிஞ்சவில்லை. போனவரின் பாதை வரைபடத்தில் கோடு கோடாக இருக்கிறது. இருந்தவரின் ஆசை எங்கேயும் பதிவாகவில்லை. எனக்கு இது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இன்றைக்கு இதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

நம் பழைய அகப்பாடல்களில் ‘செலவழுங்குதல்’ என்று ஒன்று உண்டு. தலைவன் பொருள் தேடிக் கிளம்பத் தீர்மானித்துவிடுவான். தலைவியின் முகம் வாடுவதைப் பார்ப்பான். கிளம்பாமல் நின்றுவிடுவான். ஒரு பக்கம் நெஞ்சு போ என்கிறது, ஒரு பக்கம் இரு என்கிறது. குடும்பஸ்தர்கள் எல்லாருக்கும் பழக்கமான இழுபறி. இதற்குத் தொல்காப்பியம் ஓர் இலக்கணம் சொல்கிறது: “செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே.” பயணத்தை நிறுத்தி வைப்பது போகாமலே இருந்துவிடுவது ஆகாது. அடுத்த வரி இன்னும் முக்கியம். “வன்புறை குறித்தல் தவிர்ச்சி யாகும்.” வீட்டில் இருக்கிறவளைத் தேற்றி, அவள் மனசை ஆற்றுவதற்காகத்தான் அந்தத் தாமதம் என்கிறது. அதாவது, தள்ளிப்போட்ட காலம் என்பது பேசுவதற்கான காலம். ஒளித்து வைப்பதற்கான காலம் அல்ல. நான் பதினாலு வருஷத்தை ஒளித்து வைப்பதிலேயே செலவழித்திருந்தேன்.

என் விஷயம் வெளியே வந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் ராத்திரி மகள் புவியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, உலகத்துலயே ஆழமான ஏரி எது?” என்று கேட்டாள். “பைக்கால். ஆயிரத்து அறுநூத்து நாப்பத்திரண்டு மீட்டர்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பனிக்கட்டி, ரயில், கடிகாரம் எல்லாம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் பேசியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் கணவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். “இங்கே என்ன குறை” என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்கும் ஒண்ணு இருக்கு. கப்பல்ல தெற்கே போகணும். போகப் போக துருவ நட்சத்திரம் வானத்துல கீழே இறங்கிக்கிட்டே வரும். நிலநடுக்கோட்டைத் தாண்டினா கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். அது மறையற ராத்திரி கப்பல் தளத்துல உட்கார்ந்திருக்கணும்.”

இந்த மனிதரோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், யாருக்கு என்ன மருந்து என்று தினமும் பேசியிருக்கிறோம். அந்த நட்சத்திரம் மட்டும் எங்கள் பேச்சில் வந்ததே இல்லை. நானும் கேட்டதில்லை. அடுத்த அறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார், “அந்த ரயில்ல கீழ்ப்படுக்கை கிடைக்குமா?” என்று.

உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி. மகளுக்கு இரண்டு வருஷத்தில் பெரிய தேர்வு. கையில் அவ்வளவு பணமும் கிடையாது. இப்போதைக்குப் போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாதா மாதம் ஒரு சின்னத் தொகை தனியாகப் போகிறது. சாப்பிட உட்காரும்போது ஓப் நதியும் துருவ நட்சத்திரமும் பேச்சில் வருகின்றன. மகன் அந்த ஊர்களை என்னைவிட வேகமாகச் சொல்கிறான்.

காத்திருப்பதும் வெறும் காத்திருப்பு இல்லை. 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1,530 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முந்தைய நாட்களில்தான். போய் வந்த பிறகு, பெரும்பாலானவர்களுக்கு, இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இந்த ஒரு வருஷமாக அதை எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தள்ளிப்போட்டதாக இல்லாமல், ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உடம்பு விடாது, காலம் கடந்துவிட்டது என்று. உங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வரவில்லை. ஒரேயொரு வேண்டுகோள். அது எந்த ஊர் என்று, பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது இன்றைக்குச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் போதும். அவர்களுடைய ஊர் எது என்றும் கேளுங்கள்.

போன மாதம் ஒரு பழைய நோட்டு தேவைப்பட்டு மகள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். தொங்கிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்து வந்தாள். “போகுமிடம் என்ன எழுதட்டும்?” என்றாள். நான் “பைக்கால்” என்றேன். அவர் “இடம் இருந்தா நிலநடுக்கோட்டையும் போடும்மா” என்றார். இரண்டையும் நெருக்கி எழுதினாள். பெயர்க் கோட்டில் எங்கள் ஐந்து பேர் பெயரும் அடங்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். பெட்டி மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது. எக்ஸ்ரே படங்களை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

வணக்கம்.